பத்தாவது கையெழுத்து

— அப்ப அந்தப் பத்தாவது ஆளு எங்கதான் ஏறுறான்?

— கீரனூர்ல. சிவசாமி. காலையிலயே சொன்னேன்ல.

— சொன்ன, செவந்தி. அவன் வந்து நிக்கணும்ல. மணி ஒண்ணாகப் போகுது. சட்டப்படி மூணு மணிக்கு மேல திருச்சியில மனு வாங்க மாட்டாங்க. இன்னிக்கி விட்டா அஞ்சு வருஷம்.

— ஒக்காருங்களேன். நீங்க நின்னா பஸ்ஸு வேகமாப் போகுமா?

— பார்ட்டிக்காரனுக்கு முன்மொழிய ஒரு ஆளு போதும். சுயேச்சைக்குப் பத்து. ஒம்போதோட போனா சட்டப்படி தள்ளுபடி. புருஷன் எலெக்‌ஷன்ல நிக்கிறான், நீ சன்னல் வழியா வேடிக்கை பாக்குற.

— டிக்கெட், டிக்கெட். பெரியவரே, ஒக்காருங்க, திரும்பையில விழுந்துறப் போறீங்க. அட, மாவு அக்காவா?

— ஆமா தம்பி. திருச்சிக்கு ரெண்டு குடுங்க.

— எங்க அத்தை பரிமளா, திருக்கோகர்ணத்துல இருக்காங்களே, அவங்களுக்கு விதவை பென்ஷன் எழுதிக் குடுத்தீங்கள்ல. இப்ப மாசாமாசம் வருது. ஒங்களத்தான் சொல்லிக்கிட்டே இருக்கும்.

— நல்லா இருக்காங்களா? மாவு குடுக்கப் போயி நாளாச்சு.

— என்னையத் தெரியலையா தம்பி? சைக்கிள் கடை சோலையப்பன். பாராளுமன்றத்துக்கு அஞ்சு தடவ நின்னவன்.

— அப்படிங்களா? எந்தக் கட்சிங்க?

— எந்தக் கட்சியும் இல்ல. தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்போது, ரெண்டாயிரத்து நாலு. மூணு தடவையும் நம்ம புதுக்கோட்டை தொகுதியில.

— புதுக்கோட்டைக்குன்னு எம்.பி. தொகுதி இருந்துச்சா? நமக்குத் திருச்சிதானங்க?

— கேட்டியா செவந்தி? இந்த மாவட்டத்துல பொறந்து வளந்த புள்ளைக்கே தெரியல. இருந்துச்சு தம்பி. ரெண்டாயிரத்து நாலுதான் கடைசி. அப்பறம் நாலாக் கிழிச்சு, டவுன திருச்சிக்கு, பொன்னமராவதிய சிவகங்கைக்கு, ஆவூர கரூருக்கு, அறந்தாங்கிய ராமநாதபுரத்துக்குன்னு பிரிச்சுக் குடுத்துட்டாங்க.

— அப்படியா சங்கதி. சரிங்க, பின்னாடி டிக்கெட் போடணும். வாரேன் அக்கா.

— போயிட்டான். முழுசாக் கேக்கக்கூட ஆளு இல்ல.

— பஸ்ஸுல அவரு பொழப்பப் பாக்க வேணாமா?

— ரெண்டாயிரத்து ஒம்போதுல நான் நிக்கவே இல்ல. ஏன் நிக்கல, சொல்லு.

— யாருக்கும் ஓட்டு இல்லைன்னு பூத்துல எழுதிக் குடுங்கன்னு தெருத்தெருவா மைக்கு கட்டிப் போனீங்க. எழுதிக் குடுத்தாங்க. தொகுதி திரும்பி வந்துச்சா?

— வரும். எல்லைய மறுபடி பிரிக்கப்போறாங்கன்னு பேப்பர்ல வருதுல்ல. அப்ப டெல்லியில நம்ம ஆளு ஒருத்தன் எந்திரிச்சுக் கேக்க வேணாமா? பதினாலுல நின்னேன், பத்தொம்போதுல நின்னேன். இதான் எனக்குக் கடைசி. முழங்காலு இனிமே தாங்காது.

— போன தடவ நம்ம பூத்துல எத்தன ஓட்டு விழுந்துச்சு?

— அதெல்லாம் எதுக்கு இப்ப.

— பதினொண்ணு. நம்ம தெருவுலயே நூறு வீடு இருக்கு.

— சனங்களுக்குத் தொகுதின்னா என்னன்னு புரியல. அது என் குத்தமா?

— புரியாம இல்லைங்க. ஆவூர் ஷர்லி வீட்டுக்காரரு குவைத்துல செத்தப்ப, பொணத்தக் கொண்டுவர எம்.பி. கடுதாசி வேணும்னாங்க. எந்த எம்.பி.ன்னு அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. முதல்ல திருச்சிக்குப் போனோம், அப்பறம் சிவகங்கைக்குப் போனோம். கரூருன்னு தெரிஞ்சு அங்க போயி நிக்கையில நாலு நாளு ஓடிப்போச்சு. அந்த நாலு நாளும் அவ ஒரு வாய் சோறு திங்கல. தொகுதின்னா என்னன்னு அவளுக்குப் புரியும்.

— இதைத்தானே நானும் மைக்குல பேசுறேன்.

— நீங்க எல்லையப் பேசுவீங்க, வருஷத்தப் பேசுவீங்க, சட்டத்தப் பேசுவீங்க. ஷர்லியப் பேசினதே இல்ல. அன்னிக்கி அவ கூட அலைஞ்சது நான். நீங்க கடையில உக்காந்து கலெக்டருக்கு மனு எழுதிக்கிட்டு இருந்தீங்க.

— அதுவும் வேணும்ல. சரி விடு. கையெழுத்து வாங்க நீ அலைஞ்சத நான் இல்லைங்கல. முழங்காலோட நான் படுத்துக்கெடந்தேன், நீ ஒத்தையா வாங்கிட்டு வந்த. ஒம்போது பேரு, அதுவும் ரெண்டே நாள்ல. எனக்குப் போன தடவ பதினஞ்சு நாளு ஆச்சு.

— வீட்டுக்குள்ள கூப்பிட்டு, தண்ணி குடுத்து, போட்டாங்க. ஷர்லிகூட விஷயம் கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்துட்டா. ஒன் ஓட்டு கரூருல இருக்கு, இங்க செல்லாதுன்னு சொன்னேன். அழுதுட்டா.

— எனக்காகவா அழுதா? நல்ல பொண்ணு. இங்கிட்டுப் பாரு, கீரனூர் வந்துருச்சு. எங்க அவன்? செவந்தி, அங்கிட்டு எட்டிப் பாரு, டீக்கடை பக்கம்.

— இல்ல போல.

— இல்ல போலயா? போன் போடு. இல்ல, நானே போடுறேன். கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம், ஒரு ஆளு வரணும்.

— ரெண்டு நிமிஷம்தாங்க நிக்கும்.

— ஹலோ சிவசாமி. எங்கப்பா இருக்க? பஸ்ஸு கீரனூர்ல நிக்கிது. இரு, எரைச்சல்ல கேக்கல, ஸ்பீக்கர்ல போடுறேன்.

— கொளத்தூர்ல அறுப்புல நிக்கிறேன் அண்ணே. எதுக்கு நான் வரணும்?

— எதுக்கா? கையெழுத்துப் போட வேணாமா? நீதான பத்தாவது?

— நான் திங்கக்கெழமையே போட்டுட்டேனே அண்ணே. மொதக் கையெழுத்தே என்னோடதுதான். அக்காகிட்ட கேளுங்க. வச்சுறவா, மிஷினு வந்துருச்சு.

— செவந்தி.

— பஸ்ஸு கெளம்பிருச்சு. ஒக்காருங்க.

— அவன் போட்டுட்டேங்குறான். அப்ப ஏன் இங்க ஏறுவான்னு சொன்ன?

— வீட்டுல வச்சுச் சொன்னா நீங்க பஸ்ஸே ஏறியிருக்க மாட்டீங்க.

— என்னத்தச் சொன்னா? அந்தப் பையக் குடு. ஃபைலக் குடுன்னேன்.

— இந்தாங்க. மெதுவா. காத்துல பறந்துறாம.

— இது நான் பூர்த்தி பண்ணின மனு. என் பேரு, அப்பா பேரு, எல்லாம் இருக்கு. கையெழுத்து எங்க? பத்துக் கட்டமும் காலியாக் கெடக்கு.

— அத எடுத்துக்கிட்டுத்தான் மொதல்ல போனேன். பதினேழு வீடு ஏறினேன். ஒங்களப் பத்தி ஒருத்தரும் தப்பாப் பேசல. நல்ல மனுஷன்னாங்க. ஆனா யாரும் பேனாவ வாங்கல.

— அப்ப ஒம்போது பேரு போட்டாங்கன்னு சொன்னது?

— போட்டாங்க. அடியில இன்னொரு மனு இருக்கு பாருங்க.

— சிவசாமி, ரெங்கசாமி, ராசாத்தி, அன்புமொழி... இருக்கு. ஒம்போதும் இருக்கு. பத்தாவது கட்டம் மட்டும் காலி. எல்லாம் சரியாத்தான இருக்கு, பெறகு எதுக்கு ரெண்டு மனு? முகத்தத் திருப்பாத, என்னையப் பாத்துச் சொல்லு.

— அபிடவிட்டு காலையில நோட்டரிகிட்ட முடிச்சுட்டேன். நீங்க டீ குடிக்கப் போனீங்கள்ல, அப்ப. இந்தாங்க, பேனா. பஸ்ஸு குலுங்குது, என் மடியில வச்சுப் போடுங்க.

— நான் எப்படிப் போட முடியும்? வேட்பாளர் தன்னையே முன்மொழியக் கூடாது. சட்டப்படி வேற ஒரு வாக்காளர்தான் போடணும்.

— தெரியும்ங்க. அதான் மேல வேட்பாளர்னு போட்ட எடத்துல என் பேர எழுதியிருக்கேன்.