ஏழாவது பாட்டின் இரண்டாவது சரணம்

காதைக் குடைகிற பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள், மேடம். நேற்று என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டே பேனா மூடியால் இடது காதைக் குடைந்தீர்கள். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை. காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். நாம் சும்மா இருந்தாலே போதும்.

எங்கள் ராக் குழுவில் எனக்குப் பெயரே 'காது'தான். பதினோரு வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வேனில் வருகிற சாப்பாட்டுப் பொட்டலத்தில்கூட அப்படித்தான் எழுதியிருக்கும். என் வேலை என்னவென்று உங்கள் அறிக்கையில் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். கூட்டத்துக்குக் கேட்கிற சத்தத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார், அவர் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். மேடையில் நிற்பவர்களுக்குக் கேட்கிற சத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மேடையின் இடப்பக்கம், திரைக்குப் பின்னால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற என் மிக்ஸர் இருக்கும். தன் குரல் தன் காதில் விழாவிட்டால் எப்பேர்ப்பட்ட பாடகனும் சுதியில் நிற்க மாட்டான்.

பாடகன் என் தங்கையின் கணவன். நான் அவனை மாப்பிள்ளை என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது எல்லாம் அவன்தான். முன்பெல்லாம் அவன் காலடியில் தரையில் ஸ்பீக்கர் வைத்திருப்போம். ஒவ்வோர் அரங்கிலும் ஒவ்வொரு மாதிரி கேட்கும். அதனால் பாடிக்கொண்டே என் பக்கம் திரும்பி விரலால் சைகை காட்டுவான். விரல் மேலே போனால் குரலைக் கூட்டு, கீழே போனால் குறை. சரியாகிவிட்டால் கட்டை விரல். நானும் பதிலுக்குக் கட்டை விரல் காட்டுவேன். மூன்று வருடத்துக்கு முன்னால் காதுக்குள் வைக்கிற இயர்போன் வாங்கினோம், அவன் காதின் அச்சை எடுத்துச் செய்தது. அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்டது. ஒத்திகையில் ஒருமுறை சரிசெய்து பதிந்துவைத்தால் முடிந்தது. அவன் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. உன் வேலை சுலபமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆமாம் என்று நானும் சொன்னேன்.

கேள்வியைக் கேட்டது நான் இல்லை. இதை மட்டும் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். போன வருடம் ஒருநாள் மத்தியானம் வேனில் போய்க்கொண்டிருந்தோம். பெட்ரோல் போட நின்ற இடத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கண்ணாடியை மொய்த்துக்கொண்டு மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஒரு பெண் அழுதே விட்டாள். வண்டி கிளம்பியதும் அவன் என்னிடம் கேட்டான்.

"மச்சான், இவங்க பாட்டுக்காக வர்றாங்களா, நமக்காக வர்றாங்களா?"

"உன் தலைமுடிக்காக வர்றாங்க. நாளைக்கே மொட்டை அடிச்சுப் பாரு, ஒரு ஈ காக்கா வராது" என்றார் டிரம்ஸ்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். ஆனால் அந்தக் கேள்வி அவனை அரித்துக்கொண்டே இருந்தது. சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தங்கை போனில் புலம்பினாள். "நான் எழுதுற ஒவ்வொரு வரிக்கும் உயிரு போகுது மச்சான். அது அவங்களுக்குக் கேக்குதான்னே தெரியலையே" என்று என்னிடமே ஒருமுறை சொன்னான். பதிலைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்றேன். நான் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

முதல் சோதனையை இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். அவன் புதிதாக ஒரு பாட்டு எழுதினான், அவன் எழுதியதிலேயே நல்ல பாட்டு. என் வீட்டு அறையில் பதிவு செய்து, பெயர் போடாமல், படம் போடாமல் இணையத்தில் ஏற்றினோம். ஒரு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு முறை கேட்டிருந்தார்கள். அதில் நாற்பது என் தங்கை. கீழே ஒரே ஒரு கருத்துதான் வந்தது. எங்கள் குழுவின் பெயரைச் சொல்லி, அவர்களைப் பார்த்துக் காப்பி அடிக்கிறார்கள், சொந்தமாக ஏதாவது செய்யுங்கடா என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய படத்துக்குப் பதிலாக மாப்பிள்ளையின் படத்தை வைத்திருந்தார். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனவன் அரைமணி நேரம் வரவில்லை.

திரும்பி வந்து, "விடு மச்சான், பதில் தெரிஞ்சுபோச்சு" என்றான்.

அங்கேதான் அவன் அவசரப்பட்டான். அது பாதி பதில்தான். குழு இல்லாமல் பாட்டு மட்டும் இருந்தால் வர மாட்டார்கள் என்பது தெரிந்தது, சரி. குழு இருந்து பாட்டு கெட்டுப்போனால் வருவார்களா? அதைச் சோதிக்காமல் எப்படி முடிவு சொல்வது? பாவம், ரசிகர்கள்மேல் வீண்பழி போடக் கூடாதல்லவா. அவனிடம் சொல்லியும் செய்ய முடியாது. வேண்டுமென்றே கெடுத்துப் பாடினால் முகத்தில் தெரிந்துவிடும். அவன் உண்மையாகப் பாட வேண்டும், பாட்டு மட்டும் கெட வேண்டும். அதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது.

இயர்போனுக்குப் போகிற வழியில் லிமிட்டர் என்று ஒன்று உண்டு. சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் அது அமுக்கிவிடும், காதைக் காப்பாற்றத்தான் அதை வைத்திருப்பது. அதை எடுத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டினேன். ஒரேயடியாகக் கூட்டினால் யாருக்கும் தெரிந்துவிடும். இப்படி ஏற்றினால் தெரியாது. காது களைத்துவிடும், களைத்த காது இன்னும் வேண்டும் என்று கேட்கும். கேட்டதைக் கொடுத்தேன். இருபத்தாறு நிகழ்ச்சிகள். ஆறாவது நிகழ்ச்சியிலேயே அவன் மறுபடி என் பக்கம் திரும்ப ஆரம்பித்தான். விரல் மேலே. பதினைந்தாவதில் பாட்டுக்கு நான்கைந்து முறை திரும்பினான். எவ்வளவு கூட்டினேன், எத்தனை முறை திரும்பினான் என்று என் நோட்டில் தேதிவாரியாக இருக்கிறது. நான் ஒழுங்கான ஆள் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சுதி விலக ஆரம்பித்தது. முதலில் மேல் சுரங்களில், பிறகு எல்லா இடத்திலும். டிரம்ஸ்காரர் மட்டும் ஒருநாள் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். தொண்டை சரியில்லை போல என்றேன். கூட்டம் குறையவே இல்லை.

தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"அண்ணா, இவருக்குக் காது சரியா கேக்கலையோன்னு பயமா இருக்கு. டிவிய அலற விடறாரு. பாப்பா பின்னாடி நின்னு அப்பா அப்பான்னு கத்துறா, திரும்பவே மாட்டேங்கிறாரு. வெரலப் புடிச்சு இழுத்தாத்தான் பாக்குறாரு."

"பொண்டாட்டி சொல்றது எந்தப் புருஷன் காதுல விழுந்திருக்கு?" என்றேன்.

"போங்கண்ணா, எப்பப் பாரு வெளையாட்டு" என்று அவள் சிரித்துவிட்டாள். ஆனாலும் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள், அவள் விவரமானவள். மாப்பிள்ளைதான் போக மாட்டேன் என்றான். "எதுக்கு டாக்டரு? மச்சானுக்குத் தெரியாத காதா? நீ பாத்துச் சொல்லு மச்சான், நீ என்ன சொல்றியோ அதுதான்" என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தான். என் அறையில் ஹெட்போனை மாட்டி, கேட்டால் விரலைத் தூக்கு என்று சொல்லி ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்துப் பார்த்தேன். மேல் ஒலிகள் பாதிக்குமேல் அவனுக்கு எட்டவில்லை. ஒலி வராத இடத்திலும் விரலைத் தூக்கினான். என்னை ஏமாற்ற இல்லை, கேட்கிறது என்று நம்பித்தான் தூக்கினான். எல்லாம் சரியாக இருக்கிறது, ஓய்வெடு என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் பாலை வார்த்தாய் என்றான். அன்றைக்கு எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கஷ்டமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

கடைசி நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியும். திறந்தவெளி மைதானம், முப்பதாயிரம் பேர். ஏழாவது பாட்டு அவர்களுக்கு உயிர், அதைக் கேட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டோம் என்று மாலையும் கழுத்துமாக வந்து நிற்பவர்கள்கூட உண்டு. முதல் சரணம் முடிந்து கிதார் போய்க்கொண்டிருந்தது. நான் அவனுடைய இயர்போனில் சத்தத்தை மேல் கோடி வரைக்கும் தள்ளி, ஒரு கீச்சொலியை அனுப்பினேன். மைக்கை ஸ்பீக்கரிடம் கொண்டுபோனால் கீச்சென்று வருமே, அது. மூன்று நொடி. எட்டு என்று உங்கள் நிபுணர் சொல்கிறார், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முட்டி போட்டான். கூட்டம் ஆர்ப்பரித்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று நினைத்தார்கள். இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து நின்றான். அவனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை, கிதார் எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஆனாலும் பாடினான். இரண்டாவது சரணத்தைத் தப்பான இடத்தில், தப்பான சுதியில், ஒரு வரியை இரண்டு முறை பாடினான். முப்பதாயிரம் பேரும் கையை ஆட்டிக்கொண்டு கூடவே பாடினார்கள். பலர் அழுதார்கள். ஒரே ஓர் ஆள்கூட முகம் சுளிக்கவில்லை. முன்வரிசையைப் படம் பிடித்தது உங்களிடம் இருக்கிறது, வேண்டுமானால் போட்டுப் பாருங்கள். இதுவரை நடந்ததிலேயே இதுதான் சிறந்த நிகழ்ச்சி, உயிரைக் கொடுத்துப் பாடினார் என்று மறுநாள் எழுதினார்கள்.

ஆக, பதில் கிடைத்துவிட்டது. அவர்களுக்குப் பாட்டு வேண்டாம். மாப்பிள்ளை பயந்தது உண்மைதான்.

வலது காது முழுக்கப் போய்விட்டது, இடது காதில் ஏதோ இரைச்சல் மட்டும் இருக்கிறது, திரும்ப வராது என்று டாக்டர் எழுதியிருப்பதைக் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. லிமிட்டரை எடுத்தது, இருபத்தாறு நிகழ்ச்சிகளிலும் சத்தத்தை ஏற்றியது, காது நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னது, கடைசியில் அந்த ஒலியை அனுப்பியது எல்லாம் நான்தான். வேறு யாருக்கும் பங்கு இல்லை. டிரம்ஸ்காரரை விட்டுவிடுங்கள், அவருக்கு வாய்தான் நீளம்.

ஏன் என்று நீங்கள் கேட்டதையேதான் மாப்பிள்ளையும் கேட்டான். முந்தாநாள் இங்கே என்னைப் பார்க்க வந்திருந்தான். தங்கையும் வந்தாள், ஆனால் உள்ளே வரவில்லை, கதவுக்கு வெளியே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவன் மட்டும் எதிரே உட்கார்ந்து ஒரு நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினான். இப்போது அவனிடம் எழுதித்தான் பேச வேண்டும். தன் குரல் தனக்குக் கேட்காததால் இரைந்து பேசுகிறான், ஏற்ற இறக்கமே இல்லை.

"ஏன் மச்சான்?"

எழுதிக் காட்டினேன். இருபத்தாறு நாளும் எத்தனையோ லட்சம் பேர் வந்தார்கள், உன் பாட்டுக்காக மட்டும் வந்தவன் நான் ஒருவன்தான், உன் பாட்டின் அருமை தெரிந்தவனும் நான் ஒருவன்தான் என்று எழுதினேன். அவன் அதை நிதானமாகப் படித்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். தாளைத் திருப்பி வெறும் பக்கத்தை என் முன்னால் வைத்தான்.

"அப்படின்னா ஏழாவது பாட்டு ரெண்டாவது சரணத்த எழுது. நாலே வரிதான். நூறு வாட்டி கேட்டிருப்ப."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வேலை வேறு மேடம், சொற்களைக் கவனிக்கிற இடத்தில் நான் இல்லை. முதல் சொல் மழையா, மதிலா என்று நாக்கு நுனியில் நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது. அவன் அவசரப்படுத்தவே இல்லை. கடைசியில் எனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு, கிழிக்காமல், மடிக்காமல் அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். காவலர் எடுத்து உங்களிடம் தந்திருப்பார். வாக்குமூலத்தோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதில் இருப்பது இவ்வளவுதான்: "இரண்டாவது சரணம் தொடங்கும் முன் மூச்சு இழுப்பான். இடப்பக்கம் திரும்புவான். என்னைப் பார்ப்பான்."