நூற்றியொரு ரூபாய் மொய்

விசேஷ வீட்டுக்குப் போனால் மொய் எழுதாமல் திரும்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் சங்கரன்கோவில் பக்கம் அதைப் பெரிய குறையாகப் பேசுவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் குடியேறிய தாராவியிலும் அப்படித்தான். ஆகவே, பானுமதி மேடம், சங்கரேஸ்வரி அக்கா வீட்டு விசேஷத்தில் ஏன் மொய் எழுதினாய் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. நீங்களும் மாட்டுங்காத் தமிழர், இதெல்லாம் தெரியாமல் இருக்காது. கம்பெனி விசாரிக்க அனுப்பியிருக்கிறது, கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

என் பெயர் ஆறுமுகநயினார். செம்பூர் கிளையில் பல வருஷமாகக் கடன் வசூல் பார்க்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்ததும் முதலில் போவது மனிதர்கள் மேல் உள்ள நம்பிக்கை. கையில் சல்லிக்காசு இல்லை என்பார்கள், அடுப்பில் கறி கொதிக்கும். வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டார் என்பார்கள், பரணிலிருந்து இருமல் கேட்கும். நான் யாரையும் திட்டியதில்லை, கை நீட்டியதில்லை. சந்தேகப்படுவேன், அவ்வளவுதான்.

அக்கா எங்கள் கம்பெனியில் வாங்கிய கடன் நாற்பதாயிரம், ஊரில் இருந்த தாயாரின் கண் ஆபரேஷனுக்காக. கணவர் மாசானம் டெம்போ ஓட்டுகிறவர். மாமியார் வீட்டோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, மனைவி அங்கே பத்து ரூபாய் அனுப்பினாலும் ஆகாது. அதனால் அக்கா அவருக்குத் தெரியாமல்தான் கடன் வாங்கினார். வீட்டிலிருந்தே ஒரு தையல் பட்டறைக்குச் சட்டைப் பித்தான் தைத்துக் கொடுத்து, அந்தக் கூலியில் ஒழுங்காகத்தான் கட்டிவந்தார். பட்டறையில் வேலை குறைந்ததும் தவணை நின்றது.

நான் போன் செய்தேன். காலை எட்டுக்கு முன்னால் கூடாது, மாலை ஏழுக்குப் பின்னால் கூடாது என்பது விதி. ஒரு நாளும் மீறியதில்லை. மாசானம் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்தேன் என்பது உண்மைதான். அந்த நேரத்தில் செய்தால் பதில் சீக்கிரம் வரும்.

ஒரு நாள் அக்கா தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்கு வந்து என்னைப் பார்த்தார். முழங்கையில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று இருந்தது. முந்தானையால் மூடிக்கொண்டு பேசினார்.

“தவணைய எப்படியும் கெட்டிருதேன் அண்ணாச்சி. அவியளுக்கு மட்டும் தெரியாண்டாம். தெரிஞ்சா என்னைய உசுரோட விடமாட்டாவ.”

எல்லாரும் சொல்வதுதான். சரி அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளும் போன் செய்தேன்.

அக்கா குடியிருந்த லைன் வீடுகளில் பரீஹா என்று ஒரு பெண், சட்டம் படிக்கிறவள். வேளை பார்த்துத் தொல்லை கொடுப்பதும் குற்றம்தான், பயப்படாமல் புகார் கொடு என்று அக்காவுக்குச் சொல்லி, அவளே எழுதியும் கொடுத்திருக்கிறாள். புகார் நேரே தலைமை அலுவலகத்துக்குப் போனது. இனிமேல் அந்த அம்மாவுக்குப் போன் கூடாது, வீட்டுக்குப் போகக் கூடாது, மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கிளையில் எல்லார் முன்னாலும் மேனேஜர் அதை வாசித்தார். எனக்கு ஒன்றும் அவமானமாக இல்லை. விதி என்றால் விதி. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, அது வயிற்றுக் கோளாறாக இருக்கும்.

கடிதத்தைத் தபாலில் அனுப்பலாம் என்றார் மேனேஜர். மரியாதைக்கு நேரில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நான்தான் அனுமதி வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை போனேன். மாசானம் வீட்டில் இருந்தார். மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு நாள் குறித்திருந்தார்கள். தாம்பாளத்தில் பத்திரிகைகள் அடுக்கியிருந்தன. இது யார் என்று மாசானம் மனைவியைக் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. அவரும் என்னைப் போல யாரையும் லேசில் நம்பாதவர் என்று அப்போதே தெரிந்தது.

“நான் பித்தான் தைச்சுக் குடுக்கேன்லா, அந்தப் பட்டறை அண்ணாச்சி,” என்றார் அக்கா. உடனே தாம்பாளத்தை எடுத்துவந்து குங்குமம் நீட்டி எனக்கும் ஒரு பத்திரிகை வைத்தார். குடும்பத்தோடு வரவேண்டும் என்றார். பத்திரிகை கையில் இருக்கும்போது வாசலில் வந்து நிற்கிறவரை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது? கணவர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். மாசானமும் அவசியம் வாங்க சார் என்று சொல்லி டீ வாங்கிவரச் சொன்னார். குடித்தேன். கடிதம் என் பையிலேயே இருந்துவிட்டது. இதோ உங்கள் மேஜை மேல் இருப்பது அதுதான்.

வீட்டுக்குப் போகக் கூடாது என்றுதான் உத்தரவு. விழா நடந்தது தாராவியிலேயே லேபர் கேம்ப் பக்கம் ஒரு ஹாலில். அழைப்பு இருந்தது. கடனைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் வாய் திறக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. நான் திறக்கவில்லை. மொய் எழுதுகிறவர் பெயர் கேட்டார், எங்கே வேலை என்று கேட்டார், யார் வகை என்று கேட்டார். மூன்றுக்கும் உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சீட்டை மைக்கில் வாசிக்கிறவரிடம் நீட்டினார். அவரும் மற்றவர்களுக்கு வாசித்த அதே குரலில் வாசித்தார்.

“செம்பூர் கடன் வசூல் பிரிவு ஆறுமுகநயினார், பொண்ணோட அம்மா சங்கரேஸ்வரி வகையில, மொய் நூத்தியொரு ரூவா.”

அக்கா மேடையில் மகள் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார். விரல் அப்படியே நின்றது. மாசானம் என் பக்கம் திரும்பவில்லை, அக்காவைத்தான் பார்த்தார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது. வெளியே வரும்போது மணி ஏழு ஆகவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் சாட்சி இல்லை. கோபர்கைரனேயில் என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் சயான் ஆஸ்பத்திரியில் அக்கா இறந்ததும், மாசானத்தைப் போலீஸ் கொண்டுபோனதும் பிற்பாடு கேள்விப்பட்டதுதான். அந்தப் பிள்ளை இப்போது பரீஹா வீட்டில் இருக்கிறதாம். கடனுக்கு இன்சூரன்ஸ் இருந்ததால் பணம் முழுவதும் வந்து கணக்கை முடித்துவிட்டார்கள். கம்பெனிக்கு நஷ்டம் இல்லை.

பேனாவை மூடி வைத்துவிட்டு ஒன்று கேட்டீர்கள், அவன் என்ன செய்வான் என்று உனக்குத் தெரியாதா என்று. மேடம், கடன்காரர்கள் சொல்கிற எதையும் நான் நம்புவதில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றார் அக்கா, நம்பவில்லை. பட்டறையில் வேலை இல்லை என்றார், அதையும் நம்பவில்லை. உயிரோடு விடமாட்டார் என்று சொன்னாரே, அதை மட்டும் நம்பினேன். அதனால்தான் மொய் எழுதப் போனேன்.