சுருதி இறங்காத கிட்டார்

புது கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், சார்: வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசியோடு போனால் கையில் கிடைக்கும் முதல் கிட்டாரே உலகத்தில் உயர்ந்ததாகத் தெரியும். வாங்கி வந்துவிட்டு ஆயுசுக்கும் புலம்புவோம். அன்று சனிக்கிழமை. அண்ணி வேலைக்குப் போகும் சனிக்கிழமைகளில் சமையலறை என் பொறுப்பு. ரொட்டியும் முட்டையும் செய்து நானும் சாப்பிட்டேன், அண்ணனுக்கும் கொடுத்தேன். முட்டை வேகவில்லை என்றார். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

நீங்கள் அந்த நாலு நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். போன் கம்பெனி கொடுத்த தாளில் அதற்கு மட்டும் கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள், பார்த்தேன். வருகிறேன். கிட்டாரைச் சொல்லாமல் நாலு நிமிடத்தை மட்டும் சொன்னால் என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் அண்ணன் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். இருபத்தைந்து வருஷம் பியானோப் பெட்டிகளுக்குள் தலையை விட்டு, அதிலிருக்கும் தூசியையும் பஞ்சையும் சுவாசித்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டார். இரண்டு வருஷமாக வீட்டோடு இருந்தார். நாலு படி ஏறினால் இழுப்பு வந்துவிடும். நெஞ்சு போனதே தவிர காது போகவில்லை. அந்தக் காதுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஆறு மணிக்கு வீடு திரும்பி, ஆறரைக்குக் கிட்டாரை எடுப்பேன். இரண்டு நிமிடம் ஆகாது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இருமலும் குரலும் சேர்ந்து வரும்: "டேய், ரெண்டாவது கம்பி இறங்கியிருக்கு." சுருதி காட்டும் டியூனரை மாட்டிப் பார்ப்பேன். இறங்கித்தான் இருக்கும். அவர் தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓட்டலில் வாசிக்கும் பேண்ட் குழு ஒன்றில் ஓர் இடம் காலியானது. அதன் தலைவர், சாக்ஸபோன் வாசிப்பவர், வீடு தேடி வந்து என் வாசிப்பைக் கேட்டார். தலையாட்டிக்கொண்டேதான் கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போகிற போக்கில், மரியாதைக்கு, அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டார். அண்ணன் சொன்னார்: "கை நல்ல கை. காதுதான் இல்ல." வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அப்புறம் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மறுநாள் அண்ணனே என்னிடம் வந்து, "உனக்காகப் பொய் சொல்லச் சொல்றியாடா?" என்று கேட்டார். இல்லை அண்ணே என்றேன். வலித்தது, சார். இன்றைக்கும் வலிக்கிறது, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

எனக்கு வேண்டியிருந்தது பேண்டும் இல்லை, கைதட்டலும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு தடவை 'சரியா இருக்கு' என்று வரவேண்டும். அவ்வளவுதான். அதற்கு என் பழைய கிட்டார் லாயக்கில்லை என்று முடிவு செய்தேன். கம்பி இறங்கவே இறங்காத ஒன்றை வாங்கக் கிளம்பினேன்.

கடை இரண்டாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கதவு மூடும்போது ஒரு முனகல் கேட்டது. உருளை தேய்ந்திருக்கிறது, மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். கடையில் கிட்டார்களைச் சரிபார்ப்பவர் மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி என்று இருப்பார். ரெட்டைக் கண்ணாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். தங்கமான மனிதர். மூன்று கிட்டார்களை எடுத்து வைத்தார். முதலாவது சிவப்பு, பளபளவென்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி, ஆனால் முக்கால் மணி நேரம் தோளில் மாட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும். இரண்டாவது நல்ல கிட்டார்தான். கழுத்துதான் எனக்குத் தடிமன். மூன்றாவது சாம்பல் நிறம். கையில் வாங்கினதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாவதில் ஃப்ளோட்டிங் ட்ரெமோலோ. கம்பிகள் வந்து நிற்கும் பிரிட்ஜை மரத்தோடு முடுக்கியிருக்க மாட்டார்கள். இரண்டே இரண்டு முளைகளில் சாய்ந்து மிதந்துகொண்டிருக்கும். முன்னாலிருந்து ஆறு கம்பிகள் இழுக்கும், முதுகுப் பக்கம் ஸ்பிரிங்குகள் இழுக்கும், இரண்டுக்கும் நடுவில் அது நிற்கும். லிஃப்ட் பெட்டிக்கும் எதிர் எடைக்கும் உள்ள உறவு மாதிரி. அதிலிருக்கும் கைப்பிடியை அழுத்தினால் சுரம் தொபுக்கென்று கீழே போகும், விட்டால் தன் இடத்துக்கே வந்து நிற்கும். மேலே, தலைப்பக்கத்தில், கம்பிகளைப் பூட்டிவிடலாம். பூட்டிய கம்பி எங்கே போய் இறங்கும்? எனக்காகவே செய்தது போலிருந்தது.

ரெட்டைக் கண்ணாடி நான் வாசிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க உள்ளங்கையை பிரிட்ஜ் மேல ஊனி வாசிக்கிறீங்க. இதுல அது ஆகாது. லேசா அழுத்தினாலும் ஆறு கம்பியும் மேல ஏறிடும்."

"பழகிக்கலாம்" என்றேன்.

"பழகறவங்க ரொம்பக் கம்மி. அந்த செவப்பையே எடுங்களேன், என்ன ஊனினாலும் அசையாது."

தலையாட்டி வைத்தேன். விற்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். கடையில் நான் கண்ட ஒரே குறை, அந்தக் கிட்டாருக்குச் சுருதி சேர்க்க ஆகும் நேரம். ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். ஐந்தையும் சரிசெய்தால் முதலாவது கெட்டிருக்கும். நாலைந்து சுற்றாவது வரவேண்டும். அவசரக்காரனுக்கு ஆகாத காரியம். எனக்குப் பொறுமை ஜாஸ்தி.

இரண்டாவது சுற்றில் ரெட்டைக் கண்ணாடி என் சட்டைப் பையைக் காட்டினார். "பையில என்ன சார்? உரசி கீறல் விழப்போகுது." எடுத்து ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தேன். மூச்சு முட்டும்போது வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலர். நீல நிறம்.

"உங்களுக்கு இழுப்பு இருக்கா சார்?"

"எனக்கில்ல, எங்க அண்ணனுக்கு."

அவர் நெற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லாதீர்கள். நான் சிரித்த முகத்தோடு சொன்னேன், யாருக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது. சாவியையும் பேனாவையும் மறந்து எடுத்துப் போவதுபோல அதையும் எடுத்துவந்துவிட்டேன் என்று உங்களிடம் முதல் நாள் சொன்னேன் அல்லவா. அது முழுக்கச் சரியில்லை.

மூன்றாவது சுற்றில் முதல் அழைப்பு வந்தது. பாதியில் விட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், அதனால் எடுக்கவில்லை. அதையும் சேர்த்து அடுத்தடுத்து ஆறு தடவை அடித்தது. ஒன்று சொல்கிறேன், நினைத்துப் பாருங்கள். அவர் அண்ணியை அழைத்திருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்திருக்கலாம். என்னைத்தான் அழைத்தார். தம்பி வந்துவிடுவான் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கு அது பெருமையாக இருந்தது.

ஏழாவது அழைப்பு வந்தபோது கம்பிகளைப் பூட்டி முடித்திருந்தேன். எடுத்தேன்.

"டேய்... மருந்து... காணோம்."

"எங்கிட்டதான் அண்ணே இருக்கு. பத்திரமா வெச்சிருக்கேன்."

"வா..."

"இதோ வரேன். அதுக்கு முன்னால இதை ஒரு தடவை கேளு. கேட்டுட்டு சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அடுத்த நிமிஷம் கிளம்பிடறேன்."

போனை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்துவிட்டு வாசித்தேன். அவசரப்படவில்லை. ஆறு கம்பியும் சேர்ந்து ஒலிக்கும் பெரிய மீட்டல் ஒன்று, பிறகு ஒவ்வொன்றாக, பிறகு மறுபடியும் சேர்த்து. நானே சொல்லக்கூடாது, அருமையாக இருந்தது. போனைக் காதில் வைத்தேன். அவர் நெஞ்சில் விசில் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. காத்திருந்தேன்.

"ஏறி... இருக்கு" என்றார்.

நீங்களே சொல்லுங்கள். இருபது வருஷமாக இறங்கியிருக்கு, இறங்கியிருக்கு என்றவர், இறங்கவே வழியில்லாத கிட்டாரை வாங்கினால் ஏறியிருக்கு என்கிறார். குறை சொல்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டவரை என்ன செய்ய முடியும்? ஆனாலும் நான் கோபப்படவில்லை. நல்லா கேளு அண்ணே என்று இன்னொரு தடவை வாசித்தேன். இந்த முறை இன்னும் அழுத்தமாக.

"கையை எடுடா..." என்றார். அதற்கப்புறம் பேச்சு இல்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. எப்படியும் 'சரியா' என்று ஆரம்பிப்பார் என்று இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன், பிறகு வைத்துவிட்டேன். மொத்தம் நாலு நிமிடம். உங்கள் தாளில் இருப்பது சரிதான்.

மேசை இழுப்பறையில் இன்னொரு இன்ஹேலர் எப்போதும் இருக்குமே, அது எப்படி அவர் கைக்குக் கிடைக்காமல் போனது என்று அண்ணி உங்களிடம் அழுதாராம். அது என் கால்சட்டைப் பையில் இருந்தது. முட்டைத் தட்டை எடுக்கப் போனபோதே இரண்டையும் எடுத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் எடுத்தால் அவர் எனக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியம் இருந்திருக்காது. அண்ணன் அன்று வாசற்படிவரை வந்து, "நிதானமா பாத்து வாங்குடா, ஏமாந்துடாதே" என்று சொல்லித்தான் அனுப்பினார். ஏமாறாமல்தான் வாங்கினேன்.

பஸ்ஸில் வந்திருந்தால் பத்து நிமிடம். சனிக்கிழமை மதியக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். இடிபட்டால் சுருதி போய்விடும், இவ்வளவு மெனக்கெட்டுச் சேர்த்தது. அதனால் நடந்தே வந்தேன். முக்கால் மணி நேரம். நடுவில் ஒரு மரத்தடியில் நின்று ஆற அமர ஒரு குளிர்பானம் குடித்தேன். வீட்டுக்கு வந்தபோது அண்ணன் என் அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இழுப்பறைகள் எல்லாம் வெளியே கிடந்தன. எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, இன்ஹேலர் ஒன்றை மேசையிலும் ஒன்றை இழுப்பறையிலும் வைத்துவிட்டு அண்ணிக்குப் போன் செய்தேன். மருந்து பக்கத்திலேயே இருந்தும் எடுக்க முடியாமல் போயிருக்கிறது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

என் அண்ணனைக் கொன்றது நான்தான். அந்த வார்த்தையை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவர் சரியா இருக்கு என்று சொல்லியிருந்தால் பஸ்ஸிலேயே வந்திருப்பேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது நியாயம்.

மறுநாளிலிருந்து தினம் வாசித்தேன். நான் கிட்டாரை எடுத்ததும் அண்ணி ஜன்னல்களைச் சாத்திவிட்டு, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு அழுவார். நல்ல வாசிப்பு சிலரை அப்படித்தான் உருக்கிவிடும். டியூனர்கூட இப்போது மாட்டுவதில்லை, தேவைப்படவில்லை. கையை ஊன்றி, என் இஷ்டம்போல வாசிக்கிறேன். பன்னிரண்டு நாள் ஆகிறது, சார். ஒரு குறை வரவில்லை.