பேசி வச்சுக்காத பதில்

அதுக்குத்தான் வரேன் மேடம். இது முதல் குழந்தையான்னு கேட்டீங்க, ஒரே வார்த்தையில சொல்லிடலாம்தான். ஆனா எனக்கு ஒரு வார்த்தையோட நிறுத்திப் பழக்கமில்ல. பக்கத்து ரூம்ல உங்க சார்கிட்ட மாட்டியிருக்காரே எங்க வீட்டுக்காரர், அவரைக் கேளுங்க, கதை கதையாச் சொல்வார்.

ஐயோ, தனித்தனியா உட்கார வச்சதுல கோபமெல்லாம் இல்ல. தத்துக் குடுக்கறீங்க, ரெண்டு பேர் பேச்சும் ஒத்துப்போகுதான்னு பார்க்க வேண்டாமா? அவருக்கு இதுல குஷிதான். காலேஜ்ல அவர் எடுக்கற பாடமே இதுதானே. பாதி பௌதிகம், பாதி தத்துவம்.

சிரிக்காதீங்க, எனக்கும் அரைகுறையாத்தான் தெரியும். ஒண்ணாப் பொறந்த ரெண்டு துகளாம். ஒண்ணு இந்தக் கோடிக்குப் போயிடும், இன்னொண்ணு அந்தக் கோடிக்கு. ரெண்டுகிட்டயும் ஒரே கேள்வியைக் கேட்டா பதில் ஒத்துப்போகுமாம். இதுல என்னங்க அதிசயம், கிளம்பறப்பவே பேசி வச்சிருக்கும்னேன். அப்படித்தான் பெரிய பெரிய ஆளுங்களே நினைச்சாங்களாம். ஆனா கேள்வியை மாத்தி மாத்திக் கேட்டுப் பார்த்தா, பேசி வச்ச பதிலை வச்சு அந்தக் கணக்கு வரவே வராதாம். சேதி அனுப்பிக்கவும் வழியில்லையாம். அப்ப எப்படின்னேன். தெரியாதுன்னுட்டார். தெரியாததைச் சொல்லிக்குடுத்துச் சம்பளம் வாங்கற மனுஷன்!

என் நாத்தனாருக்கு இதெல்லாம் ஆகாது. ஒரு வாரமா எங்களை உட்கார வச்சு, நீங்க கேக்கப்போறதுக்கெல்லாம் பதிலை ஒப்பிக்க விட்டா. யார் சமையல், குழந்தை அழுதா யார் எழுந்திருக்கறது, எல்லாம். சண்டை போட்டா யார் முதல்ல இறங்கி வருவீங்கன்னா. நான்தான்னு ரெண்டு பேரும் சொன்னோம். அதுக்கே ஒரு சண்டை. யாரும் இறங்கி வரல.

நானா? கண்ணாடிக் கடையில கண் டெஸ்ட் பண்றேன். இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கற பொழைப்பு. அதனாலதான் அவர் அன்னைக்கு என் வழியிலேயே வந்து சொன்னார்.

என்னைக்கா? நான் படுத்த படுக்கையா கிடந்தேன் மேடம். வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா, கொஞ்சம் முன்னாடியே லீவு போட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமான்னு நாள் பூரா அதே புலம்பல். அவர் பக்கத்துல உட்கார்ந்து, நீ போட்டே பார்க்காத லென்ஸ்ல எழுத்து எப்படித் தெரிஞ்சிருக்கும்னு யாராவது சொல்ல முடியுமான்னார். முடியாதுன்னேன். நீ போகாத ஆஸ்பத்திரியும் அப்படித்தான், நடத்தாத சோதனைக்கு முடிவுன்னு ஒண்ணு கிடையாது, நீயா ஒண்ணை எழுதி வச்சுக்கிட்டு அழாதேன்னார். எனக்கு வந்ததே கோபம்! பாடம் நடத்தற நேரமாய்யா இதுன்னு தலைகாணியைத் தூக்கி அடிச்சேன். அப்புறம் அவரும் அழுதார். அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு.

தண்ணியெல்லாம் வேணாம், நல்லாத்தான் இருக்கேன்.

நாத்தனார் வாசல்ல ஆட்டோ ஏத்தறப்பக்கூடச் சொன்னா. முதல் குழந்தைன்னே சொல்லிடுங்க, பழசைக் கிளறினா இன்னும் மனசு தேறலன்னு குழந்தையைக் குடுக்க மாட்டாங்கன்னு. அவர் சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. நானும் வாயைத் திறக்கல. வழி நெடுக ஆளுக்கு ஒரு பக்கமா ரோட்டைத்தான் பார்த்துக்கிட்டு வந்தோம்.

இல்ல மேடம், முதல் குழந்தை இல்ல. ரெண்டாவது. மூத்தவ பொறந்தா, ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வரல. அவ்வளவுதான். வரப்போற பிள்ளைக்கு ஒரு அக்கா இருந்தாங்கறதை மறைச்சு வளர்க்க எனக்கு மனசு வரல. இதனால குடுக்க மாட்டீங்கன்னா, அதையும் இப்பவே சொல்லிடுங்க.

அந்த ரூம்லயும் இதே கேள்வியைக் கேட்டிருப்பாங்கல்ல? போய்க் கேட்டுட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன். அவரும் ரெண்டாவதுன்னுதான் சொல்லியிருப்பார். இது ஒண்ணைத்தான் நாங்க பேசியே வச்சுக்கல.