வளையத்துக்குள் தெரிந்தது

கடையில் வாங்கும்போது துப்பாக்கியோடு வரும் குறிகளை, அதாவது குறிபார்க்கிற தகடுகளை, எங்கள் பள்ளத்தாக்கில் அதிகம் பேர் வைத்துக்கொள்வதில்லை, டெபுடி ஷெரீஃப். லீவர் ரைஃபிளைச் சொல்கிறேன். மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஒரு சின்னத் தகட்டைக் குழாய்மேல் வைத்துத் தொழிற்சாலையிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். இளவட்டக் கண்ணுக்கு அது போதும். வயது ஏற ஏற அந்தக் கொம்பு மங்கிக்கொண்டே போகும். அப்போதுதான் இந்தப் பக்கத்து ஆண்கள் என் கொட்டகைக் கதவைத் தட்டுவார்கள், ஏதோ பல் பிடுங்க வந்தவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு.

அப்பா துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்தார். அவருக்கு மகன் இல்லை. அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. அவர் போன பிறகு சாமான்களை எங்கள் வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் கணவன் வெர்லினுக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. நான் எதைச் செய்தாலும் அவனுக்கு ஆட்சேபம் இருந்ததில்லை.

என் கணவன் மோசமானவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அவன் என்னை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை, குடித்துவிட்டு வந்து கத்தியதில்லை. வேட்டையாட வரும் பட்டணத்துக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போவது அவன் பிழைப்பு. இலையுதிர் காலம் முழுக்க மேலேதான் இருப்பான், ஓரினோடு. ஓரினை நீங்கள் பார்த்ததில்லை. பெரிய மூக்கு, பெரிய வாய், அதைவிடப் பெரிய சிரிப்பு. பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் ஒன்று. பனி இறங்கியதும் வெர்லின் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், தூங்குவான், ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பான். ஒரு கோடையில் இடுப்பு வரை தொங்கிய என் பின்னலைக் கழுத்தோடு வெட்டிவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்று என்னை உற்றுப்பார்த்து, "உனக்கு என்னமோ ஆயிருக்கே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

பிறகு அவனுக்குக் கண்புரை வந்தது.

அதை முதலில் தெரிந்துகொண்டவள் நான்தான். மளிகைக் கடையில் என் முழங்கையைப் பிடித்தான். கல்யாணத்தன்று தேவாலயத்தில் பிடித்ததற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. "யார் வர்றது ஐடெல்?" என்று காதோரம் கேட்டான். சொன்னேன். அதற்கப்புறம் நாள் முழுக்க என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். வானம் எப்படி இருக்கிறது, மேலே பனி தெரிகிறதா, தட்டில் இருப்பது என்ன, இது நீலச் சட்டையா பச்சைச் சட்டையா. எனக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் ஆரம்பித்தேன். காபிக் கோப்பையை அவன் வைத்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைப்பேன், என்னைக் கூப்பிடட்டும் என்று. படியில் பனிக்கட்டி படிந்திருக்கிறது என்பேன், படி காய்ந்து கிடக்கும். ஓரின் வாசலில் வந்து நின்றால், தூங்குகிறான் என்று சைகை காட்டி அனுப்பிவிடுவேன். "ஓரினோட வண்டிச் சத்தம் மாதிரி கேட்டுதே?" என்று வெர்லின் உள்ளேயிருந்து கேட்பான். "அவன்தான். நிக்காம போயிட்டான்," என்பேன். அவன் முகம் தொங்கிப்போகும். அப்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஓரின் முட்டாள் இல்லை. செப்டம்பரில் ஒருநாள் கதவைத் தட்டாமலே சமையலறைக்குள் வந்துவிட்டான்.

"டேய் கிழட்டுக் கழுகே, என் மூஞ்சில எத்தனை மூக்குன்னு சொல்லு பாப்போம்."

"ஒண்ணுதான். ஆனா ஒரு குடும்பத்துக்கே போதும்."

"சரி. இப்ப நான் மூக்கைச் சொறியறேனா, நடுவிரலைக் காட்டறேனா?"

வெர்லின் கண்ணை இடுக்கிப் பார்த்தான். ஓரின் கையைக் கீழே இறக்கினான். அவன் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மிசோலாவுல ஒரு கண் டாக்டரம்மா இருக்காங்க. எங்க வீட்டுக்காரி சிக்னியோட அக்காவுக்கு அவங்கதான் ஆப்பரேஷன் பண்ணினாங்க. காலையில போனா மத்தியானம் வீட்டுக்கு வந்துடலாம். டிசம்பர்ல உனக்கு நாள் வாங்கிட்டேன். நான் ஓட்டிட்டுப் போறேன், நீ சும்மா உக்காந்து வா."

"கத்தி கண்ணுக்குள்ள போகுமாடா?"

"மூளைக்குள்ள போகாது, பயப்படாத. அங்க போயி அது என்ன பண்ணும், காலி இடத்துல."

வெர்லின் வாய்விட்டுச் சிரித்தான். இருவரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நான் ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட பை வெட்டி வைத்தேன். ஓரின் இரண்டு துண்டு சாப்பிட்டு, "சிக்னிகிட்ட சொல்லிடாத, உன் பைதான் ஒசத்தி," என்றான். நல்ல மனிதன். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மறுநாள் வெர்லினின் துப்பாக்கியைச் சுவரிலிருந்து எடுத்தேன். போதும், இனிமேல் வேட்டை வேண்டாம் என்று அவனே மாட்டி வைத்தது அது. குழாய்மேல் இருந்த பழைய பின்குறியைப் பித்தளைக் கம்பியால் பக்கவாட்டில் தட்டிக் கழற்றினேன். அந்தப் பள்ளத்தில் வெறும் தகடு ஒன்றைச் செருகினேன். கண்ணுக்கு அருகில் வரும்படி பின்பக்கம் வளையக் குறியைத் திருகிப் பொருத்தினேன். முன்பக்கக் குறியான சின்ன மணி கொஞ்சம் உயரமாக வேண்டும், இல்லையென்றால் குண்டு மேலே போகும். வெளிச்சத்தை வாங்கிப் பச்சையாக ஒளிரும் மணியைப் போட்டேன். திருகு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுப் பசை. நல்ல குறிகள் அதிர்ச்சியில் அசைந்துவிடக் கூடாது.

அந்த வளையத்துக்குள் திருகி மாட்டுகிற ஒரு சின்ன வில்லை உண்டு, நடுவில் ஊசித்துளை போட்டது. மங்கிய கண்ணுக்கு அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் தெளிவாகத் தெரியும். வெர்லினை வாசலில் உட்கார்த்தி அதைப் பார்க்கச் சொன்னேன். "அட, அது வேலிக்கம்பம். அதுக்குப் பக்கத்துல கன்னுக்குட்டி," என்றான். நான் வில்லையைக் கழற்றி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். "இப்ப மணி மட்டும் பளிச்சுன்னு இருக்கு. மத்ததெல்லாம் பழுப்பா ஒரு கறை," என்றான். சாயங்கால வெளிச்சத்துக்குப் பெரிய வளையம்தான் சரி என்று சொன்னேன். அது உண்மையும்கூட. இந்த வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

குண்டு விழும் இடத்தை நானே மணல்மூட்டைமேல் வைத்துச் சுட்டுச் சரிசெய்தேன். மணி எங்கே நிற்கிறதோ அங்கே போய் விழுந்தது. அதற்குமேல் ஒரு துப்பாக்கியிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

மறுபடி வேட்டைக்கு இறங்க வெர்லினுக்குத் தயக்கம் இருந்தது. "என்ன வருதுன்னே எனக்குத் தெரியாது ஐடெல்," என்றான்.

"பாக்கறதுக்கு நான் இருக்கேன். சுடறதுக்கு நீ இரு."

அவன் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

எங்கள் நிலத்தின் அடியில் ஒரு ஓடை. ஓடை நெடுக வில்லோ புதர். நவம்பர் வந்தால் ஓரின் புதருக்குள் மேலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே நடந்து வருவான், மான்கள் முன்னால் ஓடி வைக்கோல் வயலுக்குள் வரும், வெர்லின் வேலியோரம் காத்திருப்பான். எத்தனையோ வருஷப் பழக்கம். இந்தத் தடவை ஓரின் புதருக்குள் போவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"நீ அவன் பக்கத்துலயே இருப்பல்ல?"

"நகர மாட்டேன்."

"அப்ப சரி. நீ இருந்தா எனக்குப் பயமில்ல."

நான் நகரவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. முதலில் ஒரு மான் வந்தது. "பெண்மான், விட்டுடு," என்றேன். வெர்லின் துப்பாக்கியைத் தாழ்த்தினான். கொஞ்ச நேரம் கழித்து ஓரின் வெளியே வந்தான். எப்போதும் வருகிற இடம்தான். சட்டப்படி போடவேண்டிய ஆரஞ்சு மேலங்கியைப் போட்டிருந்தான். குளிருக்கு மூக்கு ஒழுகியதோ என்னவோ, கையுறையால் துடைத்துக்கொண்டு நின்றான்.

"என்னமோ நிக்குதே," என்றான் வெர்லின். "என்னது?"

"ஆண் மான். நல்ல கொம்பு. பக்கவாட்டுல நிக்குது."

"ஓரின் எங்க?"

"இன்னும் புதருக்குள்ளதான். சத்தம் கேக்குது பாரு."

"நிச்சயமா?"

"நிச்சயமா. மணியை நடுவுல வை."

வைத்தான்.

"விழுந்துச்சா?" என்று கேட்டான். "விழுந்துச்சு," என்றேன். அவன் தொப்பியைக் கழற்றி மேலே வீசினான். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். "இங்கயே இரு, பாத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு வயலைக் கடந்து நடந்தேன். முதுகுக்குப் பின்னால் அவன் சிரிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது. "டேய் ஓரின், பாத்தியாடா!" என்று புதரைப் பார்த்துக் கத்தினான்.

ஓரினுக்கு உயிர் இருந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மண்டியிட்டுக் குனிந்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "அவன்கிட்ட சொல்லிடு... அவன் தப்பு இல்லேன்னு. சொல்லிடு ஐடெல். தாங்க மாட்டான்," என்றான். என்மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. சரி என்று தலையாட்டினேன். அதற்கப்புறம் கொஞ்ச நேரம்தான்.

திரும்பி வந்து பெயரை மட்டும் சொன்னேன். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

உங்களுக்கு முன்னால் இருந்த டெபுடியிடம் வெர்லின் என்ன சொன்னான் என்று பதிவில் இருக்கும். நான் காபி எடுக்க வண்டிக்குப் போயிருந்ததாகவும், தனியாக இருந்த தானே அவசரப்பட்டுச் சுட்டுவிட்டதாகவும் சொன்னான். அப்படிச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். அன்று படுக்கும்போது, "உனக்கும் வயசாகுது, தப்பாத் தெரிஞ்சிருக்கும். நீ மனசுல வச்சுக்காத," என்று என் தலையைத் தடவினான். இத்தனை வருஷத்தில் அவன் எனக்காகச் செய்த முதல் காரியம் அது. நீதிபதி ஜெயிலுக்கு அனுப்பவில்லை. இனி ஆயுளுக்கும் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்றார்.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல குளிர்காலம் இருந்ததில்லை. மிசோலாவுக்குப் போகமாட்டேன் என்றுவிட்டான். "இனிமே எதைப் பாக்கணும்?" என்றான். ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை. அழுவான், நான் பிடித்துக்கொள்வேன். ஊட்டினால் சாப்பிடுவான். சில நாள், "சாகறப்ப ஓரின் ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்பான். "ஒண்ணும் சொல்லல," என்பேன். அதைக் கேட்டதும் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். ஓரின் சொன்னதைச் சொல்லியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், தெரியும். ஆனால் அது ஓரின் கொடுத்த ஆறுதலாக அல்லவா இருந்திருக்கும்.

பனி உருகியதும் சிக்னி வந்தாள். ஓரினின் மனைவி. துப்பாக்கி ஏதும் எடுத்து வருவாளோ என்றுகூட நினைத்தேன். அவள் எடுத்து வந்தது உருளைக்கிழங்கு ரொட்டி. வெர்லின் எதிரில் உட்கார்ந்து, "உன்னைச் சபிச்சு சபிச்சு எனக்கே அலுத்துப்போச்சு. கண்ணை ஆப்பரேஷன் பண்ணிக்க. அந்த மனுஷன் ஆசைப்பட்டான். அவனுக்காகப் பண்ணிக்க," என்றாள். வெர்லின் என்னைக் கேட்கவில்லை. எழுந்து அவள் வண்டியில் ஏறினான்.

நேற்றுக் காலை, ஓரின் விழுந்த இடத்துக்குப் போகவேண்டும் என்றான். நானும் கூடவே போனேன். சிக்னி அங்கே இருக்கும் புதரில் ஒரு ஆரஞ்சுத் துணி கட்டி வைத்திருக்கிறாள். அவன் வேலியோரம் அன்று நின்ற இடத்திலேயே நின்றான். ரொம்ப நேரம் பார்த்தான். என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"அதுல ஒரு நூல் பிரிஞ்சு தொங்குது. இங்கேருந்தே தெரியுது. உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"அன்னிக்கும் உனக்குக் கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றேன். அவன் வீட்டுக்குள் போய் உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

ஆமாம், டெபுடி. அது ஓரின் என்று பார்த்துத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். வில்லையைக் கழற்றும்போதே அதற்காகத்தான் கழற்றினேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டுமென்று சொல்லுங்கள், போடுகிறேன்.

அவன் வாசலில்தான் நிற்கிறான். கதவு திறந்திருக்கிறது. நீங்கள் வந்ததிலிருந்து மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறான், இந்தப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவனைத் தப்பாக நினைக்காதீர்கள். கண் மங்கியதிலிருந்து என் குரலை வைத்துத்தான் நான் எங்கே இருக்கிறேன் என்று அவன் கண்டுபிடிப்பான். அதனால்தான் கொஞ்சம் உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன்.