இரண்டாவது விசில்

கூடைப்பந்து ஆட வில்லியனூர் பக்கம் எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் பத்துப் பேர் வருவார்கள். விசில் ஊத ஒருத்தன் வரமாட்டான். நீங்கள் லீக்கின் செயலாளர், சார்லஸ், உங்களுக்கு இது தெரியாததல்ல. போன கூட்டத்தில் டீ குடிக்கும்போது கேட்டீர்கள்: "மத்த கொம்யூன் ஊருல ரெஃப்ரி ஒரு சீசன் நிக்க மாட்றான். நீ மட்டும் எப்டிப்பா லியோவப் புடிச்ச? எப்டி உடாம வெச்சிருக்க?" அங்கே ஆட்கள் இருந்தார்கள். சிரித்து வைத்தேன். இன்று தனியாக வந்து அதையே கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

நடுவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்பதில் மர்மம் இல்லை. எங்கள் ஊர் மாதா கோயில் மைதானத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள். ஆட்டத்தின் விதிகளில் ஒன்றுகூடத் தெரியாது. விசில் ஊதும் என் பிறப்பைப் பற்றி மட்டும் எல்லாம் தெரியும். "யோவ் விசிலு, இன்னா கண்ணு அவிஞ்சி போச்சா?" என்று ஆரம்பித்து அம்மாவில் வந்து நிற்பார்கள். முன்பு என்னோடு ஊதிய முத்துக்குமரன், மடுகரை ஆட்டத்தில் தன் அம்மாவைச் சொன்னதும் விசிலை என் கையில் வைத்துவிட்டுப் பாதி ஆட்டத்தில் வீட்டுக்குப் போய்விட்டான். கோழை.

எனக்கு அதெல்லாம் உறைக்காது. என் அம்மா செத்துப்போனவள். செத்தவளைத் திட்டினால் யாருக்கு வலிக்கும்? காலேஜைப் பாதியில் விட்டேன், கம்பெனியில் நைட் ஷிப்ட் போய் அதையும் விட்டேன். மெஷின் சத்தத்தில் வருஷக்கணக்காக இருந்த காது இது.

ஆனால் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். இரண்டு நடுவர் இல்லையென்றால் அடுத்த சீசனில் எங்கள் மைதானத்துக்கு ஆட்டம் கிடையாது. அதனால் யோசித்தேன். ஆடுகிறவன் விசிலைத் தொடமாட்டான். ஆட்டம் தெரியாதவனால் உபயோகமில்லை. ஆட்டம் தெரிந்து, ஆட முடியாமல் போனவன்தான் நிலைத்து நிற்பான். அவனுக்குப் போக வேறு இடம் இல்லை. நானே அப்படித்தான். எனக்கு ஆடத் தெரியும், எந்த டீமும் சேர்த்துக்கொள்ளவில்லை.

லியோ பிரகாஷ், கிரேஸ் மேரியின் ஒரே மகன். இந்தப் பக்கத்தில் அவனைப் போல ஆடியவன் இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கான தேர்வு சித்திரையில் இருந்தது. எடுத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் கவனித்தது வேறு. தான் செய்த ஃபவுலுக்கு, நான் ஊதுவதற்கு முன்பே கையைத் தூக்கிவிடுவான். அவ்வளவு நேர்மையான ஒருத்தனை ஆட்டக்காரனாக வீணடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பங்குனியில் அந்த மைதானத்தின் சிமென்ட் தரையில் விவசாயி பச்சையப்பன் கருப்பு உளுந்து காயப்போடுவார். ஃபாதர் கொடுத்த அனுமதி. ஞாயிறு ஆட்டம் என்றால் காலையிலேயே அள்ளி, கூட்டிவிட்டுப் போக வேண்டும். மூட்டைகள் சுவரோரம் இருக்கும். ஆட்டத்துக்கு முன் தரையை நடந்து பார்ப்பது நடுவரின் வேலை. பார்த்தேன்.

அந்த ஞாயிறு இரண்டாம் பாதியில் லியோ இடது பக்கமாகக் கூடைக்கு ஏறிப் பந்தைப் போட்டுவிட்டு இறங்கினான். கால் வழுக்கியது. முழங்கால் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவன் கத்தவில்லை. "அண்ணே" என்றான். விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினேன். அவன் ஷூவின் அடியில் நசுங்கிய உளுந்து ஒட்டியிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

பச்சையப்பனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். "கூட்டித்தான்பா உட்டேன், மாதா சத்தியமா கூட்டித்தான் உட்டேன்" என்று அழுதார். எவனும் கேட்கவில்லை. இப்போது அவர் ரோட்டில் காயப்போடுகிறார்.

மூட்டு ஜவ்வு கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்தால் ஒரு வருஷத்தில் ஆடலாம் என்றார் டாக்டர். அந்த வருஷத் தேர்வு போனாலும் அடுத்தது இருந்தது. கிரேஸ் மேரியிடம் போய், கரையாம்புத்தூரில் ஒரு பையன் இதே ஆபரேஷன் செய்து இன்றுவரை கோல் ஊன்றி நடக்கிறான் என்றேன். "வாணாம்பா, எம்புள்ள நடந்தா போதும்" என்றாள். கரையாம்புத்தூரில் அப்படிப் பையன் யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இவர்கள் கேட்பதில்லை.

பிறகு ஒரு விசில் வாங்கிக்கொண்டு லியோவிடம் போனேன்.

"நான் இன்னாத்துக்குண்ணே? திட்டு வாங்கவா?"

"கிரவுண்ட உட்டுப் போய் வூட்ல இன்னாடா பண்ணுவ?"

வாங்கிக்கொண்டான். என்னைவிட நன்றாக ஊதுகிறான். நீங்களே சொன்னீர்கள். வலது காலை லேசாக இழுத்தபடி, ஆட்டத்துக்கு முன் தரை முழுவதும் நடந்து பார்க்கிறான். கூடைக்குக் கீழே வந்ததும் குனிந்து உள்ளங்கையால் தடவுகிறான். போன மாதம் அப்படிக் குனிந்தவன் நிமிராமலே கேட்டான்.

"அன்னைக்கு ஆட்டத்துக்கு முன்னாடி நீங்கதானே தரைய பாத்தீங்க?"

"பாத்தேன்டா. சுத்தமா இருந்துச்சி."

அது பொய் இல்லை, சார்லஸ். நான் பார்த்தபோது தரை சுத்தமாகத்தான் இருந்தது. பச்சையப்பன் நன்றாகக் கூட்டியிருந்தார். இடைவேளையில் கூட்டம் சர்பத் குடிக்கப் போனது. டீம்கள் கூடை மாறும் நேரம்; லியோ இனி ஏறப்போகும் கூடை எது என்று தெரியும். நான் சுவரோரம் தண்ணீர் குடிக்கப் போய், மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வந்தேன். கூடைக்குக் கீழே இருக்கும் கட்டத்துக்கு நீங்கள் பச்சை பெயின்ட் வாங்கித் தந்தும் நான் கருப்பு அடித்துவிட்டேன் என்று மாசியில் சத்தம் போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பச்சையில் உளுந்து தெரியும்.

எல்லாம் லீக்குக்காகத்தான். எனக்கு இதில் ஒரு லாபமும் இல்லை.

நேற்று பாகூர் ஆட்டத்தில் லியோ ஒரு ஃபவுல் ஊதினான். சரியான ஃபவுல். "யோவ் நொண்டி, உங்கம்மா..." என்று ஒருத்தன் ஆரம்பித்தான், மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. லியோவின் முகம் செத்துப்போனது. என் பக்கம் ஒருத்தன்கூடத் திரும்பவில்லை. என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன். அம்மா போன பிறகு அப்படிச் சாப்பிட்டதே இல்லை.