வெயிலில் தெரியாத நெருப்பு

நீங்கள் வாங்கித் தந்த தேத்தண்ணீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, ஐயா. பரவாயில்லை, குடிக்கிறேன். நான் சொல்வதைச் சிங்களத்தில் எழுதுகிறீர்கள். முடிந்ததும் தமிழில் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை அவ்வளவாக நம்புவதில்லை.

பெயர் சின்னத்தம்பி. அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலை ஸ்டோரில், கொழுந்து காயவைக்கும் அடுப்பை முப்பத்தெட்டு வருடம் எரித்தவன். சுடரின் நிறத்தைப் பார்த்தே சூடு போதுமா போதாதா என்று சொல்வேன். டீமேக்கர் துரையே கடிகாரத்தைப் பார்க்காமல் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

ஜெயந்தினி எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராப் பிள்ளை. கொழும்பில் படித்துவிட்டு வந்து, ஹட்டன் கடைகளில் வடை சுட்டு மிஞ்சிய கறுப்பு எண்ணெயைப் பரல் கணக்கில் சேர்த்தாள். முன்பு கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போன, இப்போது பூட்டிக் கிடந்த பிள்ளைக்காம்பராவைத் தோட்டத்தில் கேட்டு வாங்கி, அங்கே அந்த எண்ணெயை டீசலாக மாற்றினாள். நடக்காது என்றேன். நடந்தது. கொழுந்து லொறி அதில்தான் ஓடியது. லொறி போன வழியெல்லாம் வடை வாசம்.

எண்ணெயைச் சூடாக்க என்னைத்தான் கூப்பிட்டாள். "நெருப்புன்னா நீங்கதான் மாமா" என்றாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சூடான எண்ணெயோடு ஒரு ஸ்பிரிட்டைக் கலக்க வேண்டும். அதைப் பின்பக்கம், கூரையில்லாத முற்றத்தில் வைத்திருந்தாள். பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் அதன் நெருப்பு கண்ணுக்குத் தெரியாதாம். அதனால் அங்கே போகும்போதெல்லாம் ஈர்க்கு விளக்குமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டே நடப்பாள். ஈர்க்கு கருகினால் நெருப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

கொழுந்து நிறுக்கும் இடம் பக்கத்திலேயே இருந்தது. நிறுக்க வந்த பேச்சியம்மா ஒரு நாள், "என்னா புள்ள, பேயோட்டுறியா?" என்று கேட்டாள்.

"என் கண்ணுக்குத் தெரியாத நெருப்பு இந்தத் தோட்டத்துல கெடையாது" என்றேன் நான்.

ஜெயந்தினி சிரித்தாள். "மாமா, நீங்க இத்தன வருசம் பாத்தது வெறகு நெருப்பு. இது வேற சாதி."

நிறுவைக்கு நின்ற பொம்பளைகள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அன்று மாலையே ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். தின்றேன். சிரிப்பு மட்டும் இறங்கவில்லை.

நாலு நாள் கழித்து நல்ல வெயில். எங்கள் பக்கம் அப்படி வெயில் அடிப்பது அபூர்வம். அவள் முன்பக்கம் எண்ணெய் வடிகட்டிக்கொண்டிருந்தாள். நான் முற்றத்துக்குப் போய் ஸ்பிரிட்டுக் கேனைத் திறந்து, சிமெந்துத் தரையில் ஒரு அகப்பை ஊற்றித் தீக்குச்சியைப் போட்டேன். ஒன்றும் தெரியவில்லை. படித்தவர்கள் சொல்லும் பொய் என்று சந்தோஷப்பட்டேன். அப்போது காற்றில் ஒரு சருகு வந்து விழுந்தது. விழுந்த இடத்திலேயே சுருண்டு கறுத்தது. வலது கையை நீட்டிப் பார்த்தேன். கை மயிர் பொசுங்கியது.

கேன் மூடி திறந்தபடியே பக்கத்தில் இருந்தது.

வாசலில் அவள் விளக்குமாற்றோடு நின்றாள். பின்னால் நிறுவைக்கு வந்த பொம்பளைகள் நின்றார்கள். பேச்சியம்மாவும் இருந்தாள்.

"உள்ள நெருப்பு ஏதும் இல்லயே மாமா?"

இருக்கு என்று ஒரு சொல் போதும். சொல்ல நேரமும் இருந்தது. சொன்னால் அவள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

"ஒன்னும் இல்ல, வா" என்றேன்.

"நீங்க பாத்தா சரி." விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, கேனை எடுக்க வந்தாள்.

பிறகு நடந்தது உங்கள் பொலிஸ் புத்தகத்தில் இருக்கிறது. சாக்கை நனைத்துப் போர்த்தியது நான்தான். அதற்காக லயமே என்னைக் கும்பிட்டது. அவள் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் உயிரோடு கிடந்தாள். பேச முடிந்த கடைசி நாளில் அவள் அம்மா நாகலெட்சுமியிடம் சொன்னாளாம்: "மாமாவ யாரும் ஏசாதீங்கம்மா. அது கண்ணுக்குத் தெரியாது."

முதல் விசாரணையில், அந்தப் பிள்ளைதான் கேனை மூடாமல் வைத்திருந்தாள், அடுப்புப் பொறி பறந்து பற்றியிருக்கும் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். நெருப்பு விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

கருமாதி அன்று நாகலெட்சுமி என்னிடம் வந்தாள். "அண்ணே, உங்க கண்ணுக்கே தெரியலயா?"

"இல்ல தங்கச்சி."

என் வலது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மயிர் இன்னும் முளைக்காத கை. அவள் அதைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் பஸ் ஏறி வந்தேன்.

நெருப்பு வைத்தது நான். கேனைத் திறந்து வைத்தது நான். தெரிந்துகொண்டே அவளை உள்ளே கூப்பிட்டது நான். கொன்றேன் என்றே எழுதுங்கள், ஐயா. ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நெருப்பு என் கண்ணுக்குத் தெரியவில்லை. நாகலெட்சுமியிடம் நான் பொய் சொல்லவில்லை.